குழந்தைக்குத் தரையைக் கொடுங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவினர் வீட்டிலோ ஐந்தாறு மாதக் குழந்தை இருக்கிறதா? இருந்தால், விழித்திருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தை எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நாள் முழுவதும் குறித்துவையுங்கள். காலையில் ஸ்பிரிங் தொட்டில். பிறகு சாய்வு இருக்கை. வெளியே போனால் காரில் குழந்தை இருக்கை, பேரங்காடியில் தள்ளுவண்டி. மாலையில் அம்மா சமைக்கும்போது வாக்கர். மற்ற நேரங்களில் யாராவது ஒருவரின் மடி. கடைசியாக, தரையில் விரித்த பாயில் எத்தனை நிமிடம் இருந்தது என்று எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்து உங்கள் வீட்டாரே வியக்கக்கூடும்.

இந்த வாரம் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: குழந்தை தானாக உட்காரக் கற்றுக்கொள்வதற்குத் தேவை தரையும், அருகில் ஓர் ஆளும். உட்கார வைப்பதற்கென்று விற்கப்படும் இருக்கைகளும் வாக்கர்களும் அந்த வேலையைக் குழந்தைக்குப் பதிலாகத் தாங்களே செய்துவிடுகின்றன. தம்பியின் வீட்டுப்பாடத்தை அண்ணன் செய்து கொடுத்தால் தம்பிக்குக் கணக்கு வருமா?

"இதைப் பெற்றோரிடம் அல்லவா சொல்ல வேண்டும், எங்களிடம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி முடிந்து வீடு திரும்பும் அக்காவும் அண்ணனும்தான் பல வீடுகளில் குழந்தைக்கு விளையாட்டுத் துணை. அதோடு, இதற்கான காரணத்தை நீங்கள் படிக்கும் அறிவியலைக் கொண்டே விளக்கிவிடலாம். வீட்டில் எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

உட்காருவது அவ்வளவு கடினமா?

நிலைத்தன்மை பற்றித் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் அடித்தளம் அகலமாகவும் ஈர்ப்பு மையம் தாழ்வாகவும் இருந்தால் அது எளிதில் சாயாது. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்க்கீழாக இறங்கும் கோடு அடித்தளத்தைவிட்டு வெளியே போனால் அது விழுந்துவிடும்.

இப்போது குழந்தையைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. வளர்ந்தவர்களுக்கோ அது எட்டில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே, உட்கார்ந்திருக்கும் குழந்தை, சிறிய அடித்தளத்தின்மேல் உச்சியில் பாரத்தை வைத்த பொருளைப் போன்றது. அந்தப் பாரமும் சும்மா இருப்பதில்லை. பூனை ஓடினால் தலை திரும்புகிறது. பொம்மையைக் கண்டால் கை நீள்கிறது. ஒவ்வொரு முறையும் ஈர்ப்பு மையம் இடம் மாறுகிறது. மாறும்போதெல்லாம் கழுத்து, முதுகு, வயிறு, இடுப்புத் தசைகள் சரியான நேரத்தில், சரியான அளவில் இழுத்துப் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைக் கண்ணும், உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பும், தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகளும் மூளைக்குச் சொல்கின்றன.

இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். சுவரோரமாக நின்று ஒரு காலைத் தூக்குங்கள். பிறகு கண்ணை மூடுங்கள். கணுக்கால் இடைவிடாமல் இப்படியும் அப்படியும் அசைவதை உணர்வீர்கள். நீங்கள் விழாமல் இருப்பதற்குக் காரணம் அந்தச் சிறு அசைவுகள்தான். சமநிலை என்பது அசையாமல் இருப்பதல்ல. விழத் தொடங்கும் ஒவ்வொரு கணமும் உடல் தன்னைத் திருத்திக்கொள்வதே சமநிலை. குழந்தை தரையில் ஆடியபடி உட்கார்ந்திருக்கும்போது அந்தத் திருத்தத்தைத்தான் பழகுகிறது.

இந்தப் பழக்கம் மேலிருந்து கீழாக வளர்கிறது. முதலில் கழுத்து நிற்கும். பிறகு தோளும் மேல்முதுகும் வலுப்பெறும். கடைசியில் இடுப்பு. இடையில் ஒரு கட்டத்தில் குழந்தை இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி முக்காலிபோல் உட்காரும். கைகளும் சேர்ந்து அடித்தளத்தை அகலப்படுத்துகின்றன. ஆனால் ஊன்றிய கையால் பொம்மையை எடுக்க முடியாது. சில வாரங்களில் ஒரு கை விடுபடும், பிறகு இரண்டும் விடுபடும்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்த மாற்றத்தைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்தைப் பொதுவாக ஐந்தாம் மாதத்துக்கும், கைகளைச் சேர்த்துக் கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும் உரியதாகச் சொல்வது மரபு. கை கொட்ட வேண்டுமானால் ஊன்றிய கை இரண்டும் விடுபட்டிருக்க வேண்டும் அல்லவா?

பக்கத்து வீட்டுக் குழந்தை முந்திவிட்டதே!

"அவர்கள் வீட்டுப் பிள்ளை ஐந்து மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டது, நம் பிள்ளை இன்னும் இல்லையே" என்ற பேச்சு எழாத வீடு குறைவு. அந்தக் கவலைதான் பல நேரங்களில் வாக்கரையும் இருக்கையையும் வாங்க வைக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி உட்காரும் சராசரி வயது ஏறக்குறைய 6 மாதம். ஆனால், நலமாக வளரும் குழந்தைகளின் வீச்சு 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை நீள்கிறது. இடையில் ஐந்து மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி! நான்கு மாதத்தில் உட்காரும் குழந்தையும் எட்டு மாதத்தில் உட்காரும் குழந்தையும் இயல்பான குழந்தைகளே. சராசரி என்பது தேர்ச்சி மதிப்பெண் அல்ல என்பதை உங்கள் கணிதப் பாடமே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் காலத்திடம் விட்டுவிடவும் கூடாது. ஒன்பது மாதம் ஆகியும் துணையின்றி உட்காராத குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடல் மிகவும் துவண்டோ விறைத்தோ இருந்தாலும், ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்தினாலும், முன்பு செய்ததை இப்போது செய்யாவிட்டாலும் ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுவார்கள். தடுப்பூசிக்குக் கிளினிக் செல்லும்போது தாதியிடம் கேட்டாலே போதும், வழி சொல்வார்.

கென்யாவும் ஹங்கேரியும்

உட்கார்வதற்குக் குழந்தைக்கு உதவலாமா, கூடாதா? இதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு.

ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர், 1946இல் புடாபெஸ்ட் நகரில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். குழந்தை தானாக அடைய முடியாத எந்த நிலையிலும் அதை வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. தானாகப் புரண்டு, ஊன்றி, எழுந்து உட்காரும்வரை அங்கே யாரும் குழந்தையை உட்கார வைப்பதில்லை.

கென்யாவின் கிப்சிகிஸ் மக்களின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் சூப்பர் 1970களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அந்தத் தாய்மார்கள் குழந்தைக்கு உட்காரப் பயிற்சியே கொடுக்கிறார்கள். தரையில் சிறு குழி தோண்டி, அதில் குழந்தையை வைத்து, முதுகுக்குத் துணியைச் சுருட்டி அணைவாக வைப்பது அவர்களின் ஒரு முறை. அக்குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே உட்கார்ந்தார்கள். ஆனால், பயிற்சி கொடுக்கப்படாத தவழ்தலில் அவர்கள் முந்தவில்லை. ஆகவே, பிறவியிலேயே வேகமாக வளரும் குழந்தைகள் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. பழகியது வந்தது, பழகாதது வரவில்லை.

2015இல் வெளியான மற்றோர் ஆய்வு அர்ஜென்டினா, கேமரூன், இத்தாலி, கென்யா, தென்கொரியா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஐந்து மாதக் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே கவனித்தது. கேமரூன், கென்யா குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாக உட்கார்ந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் தரையிலோ, பெரியவர்கள் அமரும் சாதாரண இருக்கையிலோ விடப்பட்டார்கள். உடலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் குழந்தை இருக்கைகள் அங்கே குறைவு.

பிக்லரின் வழி சரியா, கிப்சிகிஸ் தாய்மாரின் வழி சரியா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். இரண்டிலும் குழந்தை தரையில் இருக்கிறது. இரண்டிலும் ஆடிச் சரிந்து நிமிரும் வேலையைக் குழந்தையே செய்கிறது. கிப்சிகிஸ் தாய் வைக்கும் துணி குழந்தைக்குக் கொஞ்சம் அணைவு தருகிறது, ஆனால் அதன் உடலை இறுக்கிப் பிடிப்பதில்லை. இடுப்பையும் தொடையையும் பள்ளத்தில் அழுத்திவைக்கும் பிளாஸ்டிக் இருக்கை இந்த இரண்டு வழியிலும் சேராது. அதில் வைத்த குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும், படம் எடுத்து அனுப்பவும் அழகாக இருக்கும். ஆனால் அதை நிமிர்த்தி வைத்திருப்பது இருக்கைதான்.

ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கு உதவுமா?

"எதிலாவது இருந்து பழகட்டுமே, கால்தானே வலுக்கும்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் 2000இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல பதில். ஒன்பதரை மாதக் குழந்தைகளை ஒரு மேடையின் விளிம்பில் விட்டார்கள். எதிரே இடைவெளி. அதன் அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தப் பக்கம் ஒரு பொம்மை.

உட்கார்ந்த நிலையில் விட்டபோது, எவ்வளவு தூரம் எட்டினால் விழாமல் இருக்கலாம் என்று குழந்தைகள் சரியாகக் கணித்தார்கள். மிக அகலமாக இருந்தால் கையை நீட்டவில்லை. அதே குழந்தைகளைத் தவழும் நிலையில் விட்டபோது, பலர் தாண்ட முடியாத இடைவெளிக்குள் நேராகப் போய்விட்டார்கள். ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டதால் யாருக்கும் அடிபடவில்லை. உட்கார்ந்து பல வாரம் பழகியிருந்தார்கள், தவழ்வதோ அவர்களுக்குப் புதிது. உட்காரும்போது கற்ற அறிவு தவழும்போது கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் சமநிலையைத் தனித்தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, வாக்கரில் தொங்கியபடி காலால் தரையை உந்தும் குழந்தை எதைப் பழகுகிறது? வாக்கரில் உந்துவதைத்தான்.

வாக்கர் வேண்டாம்

வாக்கரைப் பற்றிய என் கருத்து கடுமையானது. அது வீட்டில் இருக்கவே கூடாது.

கனடா 2004இல் குழந்தை வாக்கர்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, வாக்கரால் காயமடைந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் 230,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். வாக்கரில் உள்ள குழந்தை ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் போய்விடும். அருகில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அடுக்குமாடி வீட்டில் மாடிப்படி ஏது என்று கேட்காதீர்கள். மேசைமேல் சூடான மைலோ இருக்கிறது. தொங்கும் கெத்தல் வயர் இருக்கிறது. தரையில் இருக்கும் குழந்தைக்கு எட்டாதவை வாக்கரில் இருக்கும் குழந்தைக்கு எட்டிவிடும்.

வளர்ச்சிக்காவது உதவுகிறதா? அமெரிக்காவில் 109 குழந்தைகளைக் கவனித்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், வாக்கரில் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே உட்கார்ந்தார்கள், தவழ்ந்தார்கள், நடந்தார்கள். இங்கே நீங்கள் அறிவியல் மாணவர்களாக ஒரு கேள்வி எழுப்ப வேண்டும்: தாமதத்துக்கு வாக்கர்தான் காரணமா, வேறு ஏதாவது காரணம் இருக்குமா? ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால், வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. பயன் தெரியவில்லை, ஆபத்து தெரிகிறது. அப்படியானால் முடிவெடுப்பது கடினமா?

நமக்கு இது தொலைதூரத்துக் கதையும் அல்ல. சிங்கப்பூரில் ஒரு பாலிகிளினிக்குக்கு வந்த குழந்தைகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது குழந்தைகள் வாக்கரைப் பயன்படுத்தியவர்கள்.

"நாங்களெல்லாம் வாக்கரில்தான் வளர்ந்தோம், இப்போது நன்றாகத்தானே இருக்கிறோம்?" என்பது நீங்கள் நிச்சயம் கேட்கப்போகும் வாதம். அடிபடாதவர்கள் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும். தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தப்பியவரும் இதையேதான் சொல்வார்.

இன்னொரு வாதத்துக்கு நாம் மதிப்பளிக்க வேண்டும். வேலைக்கும் போய், சமைத்து, துணியும் துவைக்கும் அம்மாவுக்குப் பத்து நிமிடம் கை ஒழிய வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அதற்குத் தடுப்பு வைத்த விளையாட்டுக் கட்டில் போதும். சாய்வு இருக்கையைச் சிறிது நேரம் பயன்படுத்துவதாலும் கெடுதல் வந்துவிடாது. குழந்தையை ஒரே இடத்தில் கட்டிவைத்ததுபோல் ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. காரில் செல்லும்போது மட்டும் குழந்தை இருக்கை கட்டாயம் வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உங்களால் என்ன செய்ய முடியும்?

பள்ளி விட்டு வந்து உடை மாற்றி, கை கழுவிய பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, கெட்டியான பாயை வெறும் தரையில் விரியுங்கள். கட்டில், சோபா வேண்டாம். மெத்தை அமுங்குவதால் சமநிலை தவறும், உயரத்திலிருந்து விழவும் வாய்ப்புண்டு. நாணயம், பொத்தான், பொத்தான் பேட்டரி, பொம்மையிலிருந்து கழன்ற சிறு துண்டு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பாருங்கள்.

குழந்தை இன்னும் உட்காராத வயது என்றால் குப்புறப் படுக்க வைத்து, எதிரே நீங்களும் படுத்துப் பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்க அது தலையைத் தூக்கும். கழுத்துக்கும் முதுகுக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. இன்னும் நகரத் தொடங்காத குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல முறையாகப் பிரித்து, இப்படிக் குப்புற இருக்கும் நேரம் வேண்டும் என்பதும் அதே 2019 அறிவுரையில் உள்ளது. அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், பிறகு மீண்டும் விடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குப்புற இருப்பது விழித்திருக்கும்போது மட்டும். உறங்கும்போது மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க மருத்துவர்கள் சொல்லும் முதல் விதி அது.

கழுத்து நன்றாக நின்றுவிட்டதென்றால், நீங்கள் காலை விரித்துத் தரையில் உட்கார்ந்து, குழந்தையை உங்கள் கால்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். முதலில் விலா அருகே பிடியுங்கள். சில நாளில் கையை இடுப்புக்கு இறக்குங்கள். பிடி எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வேலை குழந்தையின் தசைகளுக்கு. களைத்தால் தலை தொங்கும், முதுகு வளையும், சிணுங்கும். அப்போது நிறுத்திவிடுங்கள்.

தானாக உட்காரத் தொடங்கிய புதிதில் பின்னால் இருங்கள். விழும்போது கை ஊன்றித் தடுக்கும் திறமை முதலில் முன்பக்கம், பிறகு பக்கவாட்டில், கடைசியாகத்தான் பின்பக்கம் வரும். அதனால் புதிதாக உட்காரும் குழந்தை பின்னால் மரம்போல் சாயும். அந்தப் பக்கம் உங்கள் கை இருக்கட்டும். பக்கவாட்டில் மெதுவாகச் சரிந்தால் ஓடிப் பிடிக்க வேண்டாம். கை ஊன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு பொம்மையைச் சற்று வலப்பக்கம், சற்று இடப்பக்கம் என்று தள்ளி வையுங்கள். எட்டி எடுத்து நிமிரட்டும்.

பொம்மை என்றால் விலை உயர்ந்தது தேவையில்லை. மூடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா, மரக்கரண்டி, சுத்தமான துணிப்பந்து போதும். தானாக உட்காரும் குழந்தை இரு கையாலும் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அப்படிப் பழகிய குழந்தைகள் ஒரு பொருளின் கண்ணுக்குத் தெரியாத மறுபக்கம் எப்படி இருக்கும் என்பதை நன்கு ஊகிப்பதாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். முதுகு நிமிர்ந்ததும் கை விடுபடுகிறது, கை விடுபட்டதும் பார்வை விரிவடைகிறது. கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டினால் குழந்தை அசையாமல் அதையே பார்க்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே அந்த அரை மணி நேரத்துக்கு உங்கள் கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

அடுத்த முறை உறவினர் வீட்டுக் குழந்தைக்குப் பரிசு வாங்க உங்கள் குடும்பம் கடைக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். வாக்கர் அடுக்கியிருக்கும் பக்கம் அம்மாவின் கை போனால், கனடா ஏன் அதைத் தடை செய்தது என்று சொல்லுங்கள். அதைவிட மலிவான, நல்ல கெட்டியான விளையாட்டுப் பாய் ஒன்றைக் காட்டுங்கள். பரிசைக் கொடுத்த கையோடு அதைத் தரையில் விரித்து, முதல் ஆளாக நீங்களே குழந்தையோடு உட்காருங்கள்.